நல்ல கைக்கு உறை போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு (62) பக்கவாதம் வந்து 7 மாதமாகிறது. வலது கை பாதிதான் வேலை செய்கிறது. ‘ஆறு மாதத்துக்கு மேல் தேறாது’ என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, ஈரோடு

பதில்: ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், பிறகு மெதுவாகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த ‘எக்சைட்’ ஆய்வு (2006), பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமானவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் பாதித்த கையையே புழங்க வைத்தார்கள். இரண்டே வாரம், வார நாட்களில் பல மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது.

ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. தொங்கும் மணிக்கட்டை அப்பாவால் கொஞ்சமாவது மேலே தூக்க முடிய வேண்டும், விரல்களைச் சற்றாவது விரிக்க முடிய வேண்டும். அறவே அசையாத கைக்கு உறை போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வீட்டில் தட்டிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து டம்ளரில் போடச் சொல்லுங்கள். 30 விநாடியில் எத்தனை? பத்து முறை செய்து எழுதி வையுங்கள். சுலபமானதும் டம்ளரைத் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் இங்கேதான் கோளாறு: கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்ப்பார். முதுகு நாற்காலியை விட்டு எழக்கூடாது.

குளியல், மாடிப்படி, சூடான பாத்திரம் என்றால் உறையைக் கழற்றிவிடுங்கள். கைத்தடி பிடித்து நடக்கும்போதும் வேண்டாம். தோள் வலித்தால் கையைப் பிடித்து இழுக்காமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.