எம்பீடின் முழங்காலும் பிலடெல்பியாவின் அவசரமும்

கேள்வி: ஜோயல் எம்பீடுக்கு 2024இல் மறுபடியும் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தது, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் பிலடெல்பியா சிக்சர்ஸ் அணி செய்த பெருந்தவறுதானே? இனி அந்த அணி தேறுமா?

தவறுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. "எப்போது பார்த்தாலும் காயத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு யாராவது இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கொடுப்பார்களா?" என்பதுதான் வழக்கமான வாதம். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் அதே ஆட்டக்காரரோடு 2017லும் 2021லும் போட்ட ஒப்பந்தங்களையும் தவறென்று சொல்ல வேண்டியிருக்கும். அவை இரண்டுமே சரியான முடிவுகள் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். 2024இல் பிழையானது தொகை அல்ல, கையெழுத்திட்ட நாள். இந்த அணியைப் பத்து ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து பார்த்து வருபவன் நான் என்பதால், என் பேச்சில் கொஞ்சம் பாசமும் கொஞ்சம் கடுப்பும் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். 2025-26 சீசன் தொடங்கிய வாரத்தில் இதை எழுதுகிறேன்.

கேமரூனின் யாவுண்டே நகரில் பிறந்த எம்பீட், பதினைந்து வயதைத் தாண்டிய பிறகே கூடைப்பந்தைக் கையில் எடுத்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆண்டு ஆடிவிட்டு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டுக்கு வந்தபோது, முதலாவதாகத் தேர்வாகியிருக்க வேண்டியவர் பாத எலும்பு முறிவால் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த இரண்டு சீசன்களிலும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2016-17இல் களமிறங்கி 31 ஆட்டங்கள் ஆடியதும் இடது முழங்காலில் மெனிஸ்கஸ் எனப்படும் மூட்டுச் சவ்வு கிழிந்து மறுபடியும் அறுவை மேசைக்குப் போனார். ஆக, மூன்று ஆண்டுகளில் 31 ஆட்டங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2017 அக்டோபரில் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 14 கோடியே 80 லட்சம் டாலர் தர அணி ஒப்புக்கொண்டது.

அதைச் சூதாட்டம் என்று அப்போது எழுதாதவர்கள் குறைவு. ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. பழைய காயங்கள் திரும்பி வந்து அவரை நெடுங்காலம் முடக்கினால், முழுத் தொகையையும் சுமக்காமல் அணி விலகிக்கொள்ள வழிசெய்யும் பாதுகாப்பு விதிகளை அதில் சேர்த்திருந்தார்கள். நகையை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கடன் கொடுப்பவரின் நிதானம் அதில் இருந்தது. கடனும் வட்டியோடு திரும்பி வந்தது: 2022-23இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 33.1 புள்ளிகள் எடுத்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் பெற்றார். ஏழடி உயரமும் 125 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள ஒருவர், ஃப்ரீ த்ரோ (தண்ட எறிதல்) கோட்டருகே நின்று, தடுக்க வருபவரின் கைக்கு மேலாக, உயரம் குறைந்த ஒரு வெளிவட்ட ஆட்டக்காரரைப்போல மென்மையாகப் பந்தை விடுவதை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரியாது.

குறை எங்கே இருந்தது என்றால், பிளே ஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்றுகள் தொடங்கும் ஏப்ரல் மாதத்தை ஒட்டி இருந்தது. 2018இல் சக ஆட்டக்காரரின் மேல் மோதிக் கண்குழி எலும்பு முறிந்து முகமூடியோடு ஆடினார். 2021இல் வலது முழங்கால். 2022இல் மறுபடியும் கண்குழி எலும்பு, கூடவே கட்டைவிரல் தசைநார். 2023இல் முழங்காலின் பக்கத் தசைநார். 2024இல் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் பெல்ஸ் பால்சி. அந்த நிலையிலும் நியூயார்க்குக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். பிளே ஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்டி அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. ஒரு சீசனின் 82 ஆட்டங்களில் அவர் அதிகபட்சமாக ஆடியது 68.

இனி 2024 ஜனவரிக்கு வருகிறேன். இந்தக் கதையின் மூட்டு அங்கேதான் இருக்கிறது. அந்த மாதம் 22ஆம் தேதி சான் அன்டோனியோவுக்கு எதிராக 70 புள்ளிகள் குவித்தார். ஐந்து நாள் கழித்து டென்வரில், அந்த அணியின் நட்சத்திரமான யோகிச்சோடு நேருக்கு நேர் மோத வேண்டிய ஆட்டத்தில், தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, முழங்கால் வலியால் ஆடமாட்டார் என்று அறிவித்தார்கள். 2019க்குப் பிறகு டென்வர் மண்ணில் அவர் ஆடியதே இல்லை என்பதால், யோகிச்சுக்குப் பயந்து ஒளிகிறார் என்று உலகமே கேலி செய்தது. உலகம் என்பதில் நானும் அடக்கம்: எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், "டென்வர் விமானம் என்றால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்" என்று எழுதியவன் நான்தான். அந்த சீசனில்தான் லீக் ஒரு புதிய விதியைக் கொண்டு வந்திருந்தது: 65 ஆட்டங்களாவது ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் கிடையாது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டாவது முறையும் பெறும் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு, ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நாளும் விருதிலிருந்து ஒரு படி கீழே இறங்குவதாக ஆகிவிட்டது.

இந்திய நேரப்படி ஜனவரி 31 காலை, கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக அவர் களமிறங்கினார். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மருத்துவரே தேவையில்லை. தாக்குதல் முடிந்து திரும்பி ஓடும்போது இடது காலை முழுதாக ஊன்றாமல், சூடான தரையில் நடப்பவரைப்போல எடுத்து எடுத்து வைத்தார். 18 முறை எறிந்து ஐந்தைத்தான் போட்டார். அணி தோற்றுக்கொண்டிருந்த கடைசிக் கால்பகுதியில், உருண்ட பந்துக்காகக் கீழே விழுந்து கிடந்தவரின் அந்த இடது காலின் மேலேயே எதிரணியின் ஜொனாதன் கமிங்கா வந்து விழுந்தார். குழுவில் அன்று யாரும் எதுவும் எழுதவில்லை.

கல்லூரி நாட்களில் சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஆடி வலது முழங்காலின் மெனிஸ்கஸைக் கிழித்துக்கொண்டவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்கார்ந்திருக்கும் மெத்தை அது. அதற்குப் பெரும்பகுதி ரத்த ஓட்டம் இல்லை, ஆகவே தானாக ஆறுவதும் அரிது. மருத்துவர் கிழிந்ததை வெட்டி எடுத்துவிட்டால் வலி போய்விடும், சில வாரங்களில் ஓடலாம்; ஆனால் மெத்தை குறைந்த இடத்தில் எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பு அந்தப் பாரத்தை வாங்கத் தொடங்கும். படி ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். பந்தைப் பிடிக்கக் குதிப்பது எனக்கு என்றுமே சிக்கலாக இருந்ததில்லை, தரையில் வந்து இறங்கும் அந்த அரை நொடிதான் சிக்கல். அடுத்த நாள் காலையில் மூட்டு வீங்கி, கால் மடங்க மறுக்கும். எழுபது கிலோ எடையில் வார இறுதியில் மட்டும் ஆடிய எனக்கே இந்தப் பாடு. அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கும் எடையோடு, இரண்டு நாளைக்கொரு முறை விமானம் ஏறி ஆட வேண்டியவரை நினைத்துப் பாருங்கள். அதோடு, 2017இல் கிழிந்ததும் அதே இடது முழங்கால்தான்.

பிப்ரவரியில் அறுவை நடந்தது, ஏப்ரலில் திரும்பி வந்தார், கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கம் வென்றார். பிறகு 2024 செப்டம்பரில், மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்பில் 2028-29 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். நானும் அன்று மகிழ்ந்தேன். அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் கவனிக்க வேண்டியது இது: அன்றைய நாளில் அவருடைய பழைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இல்லை. இரண்டு சீசன்கள் உறுதியாக மிச்சமிருந்தன. மூன்றாவது சீசனை ஆடுவதா விடுவதா என்பது அவருடைய விருப்பம். அவர் வேறு அணிக்குப் போய்விடுவார் என்ற அச்சத்துக்கே இடமில்லாத நேரம் அது. ஒரே ஒரு குளிர்காலம் பொறுத்திருந்தால் அந்த முழங்கால் 82 ஆட்டங்களின் சுமையைத் தாங்குகிறதா என்பது இலவசமாகத் தெரிந்திருக்கும்.

நிர்வாகத்துக்கு ஆதரவாகவும் பேசலாம். சில வாரங்களுக்கு முன்புதான் இன்னொரு நட்சத்திரமான பால் ஜார்ஜை நான்கு ஆண்டுகளுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலருக்கு அழைத்து வந்திருந்தார்கள். அணியின் இளம் நட்சத்திரம் டைரீஸ் மேக்சிக்கும் பெரிய ஒப்பந்தம் கொடுத்தாயிற்று. வீட்டின் மூத்த பிள்ளையை மட்டும் காத்திருக்கச் சொன்னால் மனம் கோணும் என்று நினைத்திருக்கலாம். நட்சத்திரங்கள் மனம் கோணினால் என்ன நடக்கும் என்பதை, விலகிப் போக அடம்பிடித்த பென் சிம்மன்ஸ், ஜேம்ஸ் ஹார்டன் ஆகியோரிடம் இந்த அணி நன்றாகவே கற்றிருந்தது. எனினும், எம்பீட் கடந்த பத்தாண்டுகளாக இந்த நகரத்தை விட்டுப் போக விரும்பியவர் அல்லர். மிரட்டாதவருக்குப் பணிந்த விசித்திரம்தான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை டெரிக் ரோசின் கதையோடு சிலர் ஒப்பிடுகிறார்கள், அது பொருந்தாது. சிகாகோ 2011 டிசம்பரில் அவருக்கு ஐந்து ஆண்டு நீட்டிப்பு கொடுத்தபோது அவருக்கு 23 வயது, அதற்கு முந்தைய சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், முழங்காலில் பழுதென்று ஒன்றும் இல்லை. 2012 ஏப்ரலில், அதுவும் இதே பிலடெல்பியாவுக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில், அவருடைய முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. அது துரதிருஷ்டம். முப்பது வயதில், ஒரே முழங்காலில் இரண்டு முறை கத்தி பட்டவருக்கு, அவசரமே இல்லாத நேரத்தில் நீட்டிப்பு கொடுப்பதைத் துரதிருஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2024-25இல் எம்பீட் ஆடியது 19 ஆட்டங்கள்; பிப்ரவரி இறுதியில் சீசனை முடித்துக்கொண்டார்; ஏப்ரலில் அதே இடது முழங்காலில் மறுபடியும் ஆர்த்ரோஸ்கோபி எனப்படும் சிறு துளை வழி அறுவை. ஜார்ஜ் 41 ஆட்டங்களோடு நின்றார். 24 வெற்றி, 58 தோல்வி.

இப்போது பணக்கணக்கு. 2025-26இல் லீகின் சம்பள உச்சவரம்பு 15 கோடியே 46 லட்சம் டாலர். எம்பீடின் சம்பளம் 5 கோடியே 52 லட்சம், ஜார்ஜின் சம்பளம் 5 கோடியே 17 லட்சத்தை ஒட்டியது. பதினைந்து பேர் கொண்ட அணியில் இருவர் மட்டும் உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். "விற்றுத் தொலைக்கலாமே" என்பவர்கள், 2023இல் வந்த புதிய ஊதிய உடன்படிக்கையைக் கணக்கில் எடுப்பதில்லை: அதிகம் செலவழிக்கும் அணிகள் தாம் அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமாகத் திரும்பப் பெறக்கூடாது, அதற்கும் மேலே போனால் பல சம்பளங்களைச் சேர்த்துக் கட்டி ஒருவரை வாங்கவும் முடியாது. ஐந்தரைக் கோடிக்கு ஈடான ஆட்களைக் கொடுத்து இந்த முழங்காலை வாங்க எந்த அணி முன்வரும்? முழுதாக ஓய்வு பெற்றாலாவது ஒரு வழி உண்டு. ரத்தக்கட்டியால் ஆட முடியாமல் போன கிறிஸ் பாஷின் சம்பளம் 2017இல் மயாமியின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. எம்பீடோ ஆடுகிறார், நிற்கிறார், மறுபடி ஆடுகிறார். அணிக்கு மிக அதிகச் செலவு வைப்பது அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான்.

அப்படியென்றால் தேறுமா? நான் முழுதாகக் கைவிடவில்லை, காரணமும் சொல்கிறேன். அந்தப் படுமோசமான சீசன் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது: முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் மட்டுமே தம்மிடம் தங்கும் என்ற நிபந்தனையில் ஓக்லஹோமாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த டிராஃப்ட் வாய்ப்பு, மூன்றாவது இடமாகத் திரும்பி வந்தது. அதில் பஹாமாஸ் நாட்டு இளைஞர் வி. ஜே. எட்ஜ்காம்ப் கிடைத்தார். சீசனின் தங்கள் முதல் ஆட்டத்தில் பாஸ்டனில் 117-116 என்று வென்றபோது, தன் அறிமுக ஆட்டத்திலேயே அவர் 34 புள்ளிகள் எடுத்தார்; மேக்சி 40. எம்பீட் ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆடி 4 புள்ளிகள். பிலடெல்பியா ஆடும் கிழக்குப் பிரிவும் இந்த ஆண்டு திறந்து கிடக்கிறது: பாஸ்டனின் டேட்டம், இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் இருவரும் குதிகால் நாண் அறுந்து படுத்திருக்கிறார்கள். பிளே ஆஃபுக்குப் போவதும், காலெல்லாம் ஒத்துழைத்தால் ஒரு சுற்று வெல்வதும் நடக்கக்கூடியவை. கோப்பை என்று நான் சொல்லமாட்டேன்.

சில நிபந்தனைகள் உண்டு. பந்து மேக்சியின் கையில் இருக்க வேண்டும், எம்பீட் அடுத்தடுத்த இரவுகளில் ஆடக்கூடாது, 50 ஆட்டங்களைத் தாண்டக்கூடாது. 65 என்ற அந்த எண்ணை யாராவது அவருடைய அறைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். டென்வர் ஆட்டத்தில் அவர் பெயர் இல்லை என்று செய்தி வந்தால், இந்த முறை நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கப் போகிறேன்.