கரண்ட் போன நேரத்துக்குப் பூஜ்யம் எழுதும் லாகர் வேண்டாம்

கேள்வி (தொண்டி): இறால் குட்டைக்கு லாகர் (அளவுகளைத் தானே பதியும் கருவி) வாங்கப் போகிறேன். நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீரின் சூட்டையும் டிஓ (நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்) அளவையும் பதிய வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும். போன நேரத்துக்கெல்லாம் பூஜ்யம் போட்டு வரிசை விடாமல் பதிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். 128 ஜிபி கார்டும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கார்டு வீண் செலவு. பூஜ்யம் அதைவிட மோசம். 22 மணி நேரம் டிஓ 5 பிபிஎம் இருந்து, 2 மணி நேரம் பூஜ்யமாகப் பதிந்தால் அன்றைய சராசரி 4.6 ஆகிவிடும். அறுவடைக்குப் பிறகு கணக்கைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது ஆக்சிஜன் இறங்கிய நாளா, கரண்ட் போன நாளா என்று தெரியாது. கடைசியாக வந்த அளவையே திரும்பத் திரும்ப எழுதும் கருவிகளும் உண்டு. கோடு நேராக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் ஆபத்து. அளக்காத நிமிடத்துக்கு எதையும் எழுதாத கருவியைக் கேளுங்கள்.

எழுதாமல் விட்டால் நேரம் குழம்பாதா? பதிவு அறுந்து மீண்டும் தொடங்கும்போதெல்லாம் புதுத் துண்டாகப் பதிந்தால் குழம்பாது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் தொடங்கிய நேரம் (4 பைட்), எத்தனை விநாடிக்கு ஓர் அளவு (2), மொத்தம் எத்தனை அளவுகள் (2), பிழை சரிபார்க்கும் எண் (2) என 10 பைட். அதற்குப் பிறகு அளவுகள் மட்டும். 29.40 டிகிரியை 2940 என்றும், 4.85 பிபிஎம்மை 485 என்றும் முழு எண்ணாக்கினால் தலா 2 பைட் போதும். கார்டில் எழுதுவது 512 பைட் கட்டமாகத்தான். ஒரு துண்டுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால், அதில் 125 நிமிட அளவுகள் அடங்கி 2 பைட் மிஞ்சும். முந்தைய துண்டு ஏன் அறுந்தது என்ற குறியீட்டை அதில் வைக்கலாம்: கரண்டா, சென்சார் வயரா, கழுவ எடுத்ததா. (கடைசியதற்குக் கருவியில் ஒரு பொத்தான் வேண்டும்.)

இப்படிப் பதிந்தால் நாளுக்குச் சுமார் 6 கேபி, வருடத்துக்கு 2 எம்பியைக் கொஞ்சம் தாண்டும். வரிக்கு வரி தேதியோடு எழுதும் சிஎஸ்வி என்ற எழுத்துக் கோப்பு என்றாலும் 15 எம்பிதான். ஒரே குட்டைக்கு அதுவும் போதும். 8 ஜிபி கார்டே மிகை. 10 விநாடிக்கு ஒரு தரம் பதிந்தால்தான் தொல்லை: எக்செல் தாளின் 10,48,576 வரிகளும் 121 நாளில் நிரம்பிவிடும்.

கார்டின் அளவைவிட, அதில் எப்போது எழுதுகிறது என்பதைக் கேளுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் எழுதினால், எழுதும் நொடியில் கரண்ட் போய் கோப்பே கெட்டுவிடலாம். கட்டம் நிரம்பும்வரை, கரண்ட் போனால் அழிந்துவிடும் சாதாரண ரேமில் வைத்திருந்தால், கரண்ட் போவதற்கு முந்தைய 2 மணி நேரம் வரை காணாமல் போகும். எஃப்ரேம் என்ற சிறு சிப் இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கரண்ட் போனாலும் அழியாது. லட்சம் கோடி தடவை எழுதலாம் என்று தயாரிப்பாளர்களே தரவுத்தாளில் சொல்வார்கள். அளவுகளை அதில் சேர்த்து, நிரம்பியதும் கார்டுக்கு மாற்றினால் போதும்.

இன்னொன்று. டிஓ மிகவும் இறங்குவது விடியலுக்குச் சற்று முன். அந்நேரம் கரண்ட் போனால் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரும் நிற்கும், லாகரும் நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டிய சரிவுதான் பதிவில் இருக்காது. மிச்சமிருக்கும் அளவுகளின் சராசரியோ நன்றாகவே காட்டும். எப்படிச் சேமித்தாலும் இதற்கு மருந்தில்லை. கார்டில் மிச்சமாகும் காசுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வாங்குங்கள். கருவி 100 மில்லி ஆம்பியர் இழுத்தால், பாதி வரை பயன்படுத்தினாலும் 35 மணி நேரம் தாங்கும்.

கேள்வி (தேவிபட்டினம்): கரண்ட் திரும்பி வந்ததும் முதல் அளவு 85 டிகிரி என்று வருகிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது டிஎஸ்18பி20 சென்சாராக இருக்கும். உயிர் வந்தவுடன், முதல் அளவு எடுத்து முடிப்பதற்குள் படித்தால் 85 என்றுதான் சொல்லும். 750 மில்லி விநாடி பொறுத்துப் படிக்கும்படி நிரலைத் திருத்தச் சொல்லுங்கள். -127 என்று வந்தால் சென்சார் பதிலே சொல்லவில்லை என்று பொருள். உப்புக் காற்றில் பச்சை பூத்த இணைப்பை முதலில் பாருங்கள். இரண்டையும் அளவாகப் பதியக் கூடாது.

கேள்வி (மண்டபம்): பாசி வளர்க்கும் இடத்தில் கடல் நீரின் சூட்டை அளக்க சிம் போட்ட கருவி, ஆண்டுச் சந்தாவோடு தருகிறார்கள். சிக்னல் நிலையாக இருக்காது.

பதில்: சிக்னல் இல்லாதபோது தன்னிடமே சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்புகிறதா? நேரத்தைக் கருவியின் கடிகாரத்தில் எடுக்கிறதா, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைப் போடுகிறதா? இரண்டாவது என்றால், விட்டுப்போன ஒரு மணி நேர அளவுகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் குவிந்து கிடக்கும். கடையிலேயே ஆன்டெனாவைக் கழற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தா முடிந்த பிறகும் பழைய பதிவை எடுக்க முடியுமா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடிகாரச் சிப் டிஎஸ்3231 நல்லது. 40 டிகிரி வரை, வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் பிசகும்.

கேள்வி (வாலிநோக்கம்): வாரண்டிக்குள் லாகர் நின்றுவிட்டது. பண்ணைக்கு வாங்கியதால் நுகர்வோர் புகார் செல்லாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கமாக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருடத்துக்குள் போக வேண்டும். பில்லோடு, கார்டில் உள்ள பதிவையும் நகலெடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் எத்தனை தடவை நின்றது என்பது அதில்தான் இருக்கிறது.