வீட்டில் வாயாடி, பள்ளியில் மௌனம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாது. பள்ளியில் சேர்ந்து எட்டு மாதமாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளிடம்கூடத் தலையாட்டல்தான். என் கணவர் ‘திமிர்’ என்கிறார், அடித்தும் பார்த்துவிட்டார். அடுத்த மாதம் ஆண்டு விழா. மேடையில் ரைம்ஸ் சொல்ல வைத்தால் பயம் தெளியும் என்கிறார் மிஸ். செய்யலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, முதலில் அடி நிற்கட்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது திமிர் இல்லை, பயம். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளி மாதிரியான இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருப்பதை ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்பார்கள். 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பேச நினைக்கும்போதே தொண்டை இறுகிவிடுகிறது, அவளாக அடம்பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோரில் ஒருவர் சின்ன வயதில் அதிகக் கூச்சம் உள்ளவராக இருந்திருப்பதும் உண்டு. உங்கள் கணவரிடம் அவருடைய பள்ளிக்காலத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கோபம் கொஞ்சம் தணியலாம்.

ஆங்கிலம் பழகாத குழந்தை ஆங்கிலவழிப் பள்ளியில் சில மாதம் பேசாமல் இருப்பது சகஜம். ஆனால் உங்கள் மகள் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில்கூடப் பேசவில்லையே, அதனால்தான் சொல்கிறேன்.

இன்று மாலை அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வருகிறதா? ‘மே ஐ கோ டு டாய்லெட்’ கேட்க முடியாத குழந்தைகள் பலர் தண்ணீரே குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். உடம்புக்கே கெடுதல் இது. எனவே மிஸ்ஸிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: அவள் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாலே போதும், வெளியே விட்டுவிட வேண்டும்.

உறவினர் வீட்டில் “உன் பேர் என்னம்மா?” என்று கேட்பார்கள். அவள் உறைந்து நிற்பாள். “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று யாராவது சிரிப்பார்கள், உடனே நீங்கள் பேரைச் சொல்லிவிடுவீர்கள். அவளுக்கு அப்பாடா என்றிருக்கும். சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம் என்று பயம் இன்னும் கெட்டிப்படுவது அந்த நிம்மதியில்தான். அதற்காக வற்புறுத்தவும் கூடாது. மனதுக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். பதில் வராவிட்டால், “உனக்கு மாம்பழமா, வாழைப்பழமா?” என்பதுபோல ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். கை நீட்டினாலும் சரிதான். வார்த்தை வந்தால் கைதட்டி ஊரைக் கூட்டாமல், “ஓ, மாம்பழமா, இந்தா” என்று பேச்சைத் தொடருங்கள்.

வீட்டில் இருக்கும் குரலைப் பள்ளிக்குக் கொண்டுபோவதுதான் முக்கியமான வேலை. பள்ளி விட்டு எல்லோரும் போனபிறகு, அவளுடைய வகுப்பறையிலேயே நீங்கள் இருவரும் பல்லாங்குழியோ பொம்மையோ வைத்து விளையாட அனுமதி கேளுங்கள். அவள் சகஜமாகப் பேச ஆரம்பித்தபின், மிஸ் வராந்தாவில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நடக்கட்டும். அடுத்த முறை வாசலில் நிற்கட்டும். அப்புறம் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், நோட்டுத் திருத்தட்டும். குரல் நின்றுவிட்டால் ஒரு படி பின்வாங்குங்கள். மிஸ்ஸும் விளையாட்டில் சேர்ந்து, அவர் கேட்பதற்கு அவள் பதில் சொல்ல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதன்பிறகு ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒத்துழைக்கும் ஒரு மிஸ் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தமாதிரி.

இதோடு டாக்டரையும் பாருங்கள். காது, பேச்சுப் பரிசோதனை அவசியம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். அங்கே போகும்வரை அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான ‘டெலி மானஸ்’ எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நாக்கில் வசம்பு தடவும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள், கோளாறு நாக்கில் இல்லை.

ஆண்டு விழாவில் ரைம்ஸ் வேண்டாம். அத்தனை பேர் முன்னால் உறைந்து நின்றால் பயம் கூடத்தான் செய்யும். குழு நடனத்தில் சேர விருப்பமா என்று வீட்டில் வைத்து அவளிடமே கேளுங்கள். ஆடுவதற்குப் பேசவேண்டியதில்லை என்பதால் சில குழந்தைகள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். மாட்டேன் என்றால் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விழாவைப் பார்க்கட்டும். அதையும் இப்போதே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.