மிஞ்சின துணியில தைக்குற பை, காய்கறி மளிகை வாங்குற அளவுக்கு ஸ்ட்ராங்கா இருக்குமா? வீட்டுல மிஷின் இருக்கு, ஆனா நேர்த் தையல் மட்டும்தான் வரும்.

தாராளமா இருக்கும். எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி ஆணியில இப்ப ஏழு பை தொங்குது, எல்லாமே மிச்சத் துணியில நான் தைச்சது, அதுல ஒண்ணு நாலு வருஷமா ரேஷன் கடைக்குப் போய்ட்டு வருது. நேர்த் தையல் வந்தாப் போதுங்க, பைக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

ஆனா முதல் பை என் மானத்தை வாங்கிருச்சு, அதைச் சொல்லிடறேன். துணி என்னவோ நல்ல துணிதான், சோபா கவர் தைச்சு மிஞ்சினது, ரெண்டு பேர் இழுத்தாலும் கிழியாது. நான் மதுரை, அண்ணா நகர் உழவர் சந்தையில ரெண்டு கிலோ தக்காளி, ஒரு பூசணிக் கீத்து, ரெண்டு தேங்காய் வாங்கிப் போட்டுட்டு வர்றேன், வண்டி நிறுத்தின இடம் வர்றதுக்குள்ள ஒரு பக்கத்துக் கைப்பிடி மட்டும் தனியா கையோட வந்துருச்சு. தக்காளி உருண்டு ஆட்டோவுக்கு அடியில போயிருச்சு, ஆட்டோக்கார அண்ணன் குனிஞ்சு பொறுக்கிக் குடுத்துட்டு "என்னக்கா, வீட்ல தைச்சதா"ன்னு கேட்டாரு. ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல.

வீட்டுக்கு வந்து பாத்தா துணி அப்படியே இருக்கு, கைப்பிடிக்கு நான் போட்டிருந்த ஒத்தைத் தையல்தான் விட்டிருக்கு. பீரோவுல எப்பவோ ஒரு கல்யாணத்துல குடுத்த மஞ்சப்பை இருந்துச்சு, அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிறந்த பையனே இப்ப ஆறாவது படிக்கிறான், பை இன்னும் இருக்கு. அதோட கைப்பிடியைத் திருப்பிப் பாத்தேன், நுனியை வாய் மடிப்புக்குள்ள விட்டு, சுத்தி சதுரமா தைச்சு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்கு ஓட்டியிருந்தாங்க. இவ்ளோதான் விஷயமே. வெயிட்டு பூரா விழுறது அந்த நாலு இடத்துலதான்.

அதனால கைப்பிடிக்குத்தான் நல்ல துணி. பழைய பேண்ட் கால்ல நீளவாக்குல 4 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் நீளத்துல ரெண்டு பட்டை வெட்டுங்க, நீளவாக்குல வெட்டினாதான் இழுபடாது. ரெண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடிச்சு திரும்ப ஒரு மடிப்பு மடிச்சா நாலு அடுக்கா 1 இஞ்ச் பட்டை வரும், ரெண்டு பக்கமும் தையல் ஓட்டிருங்க. ஜீன்ஸ்ல பண்ண வேணாம், நாலு அடுக்குல வீட்டு மிஷின் திணறும், எனக்கு ரெண்டு ஊசி போச்சு. ஊசி 16 நம்பர் போட்டுக்கங்க.

பைக்குத் துணின்னா தாம்பூலத்துல வர்ற ரவிக்கை பிட்டுதான், எல்லார் வீட்லயும் தைக்காம கிடக்கும், எங்கம்மா பீரோவுல மட்டும் பதினாலு இருந்துச்சு. 17க்கு 36 இஞ்ச் ஒரே துண்டா வெட்டி ரெண்டா மடிச்சா அடியில தையலே வராது, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. தனியா அது மெலிசு, உள்ளுக்குப் பழைய காட்டன் உள்பாவாடைத் துணியை அதே அளவுல சேத்து வச்சுத் தைங்க. லெக்கிங்ஸ், டீஷர்ட் துணி வேணாம், ரெண்டு கிலோ வெங்காயம் போட்டா முழங்காலுக்குத் தொங்கும். வெட்டுறதுக்கு முன்னாடி துணியை ஒரு தடவை அலசிருங்க, நான் ஒரு சிவப்பு பிட்டை அலசாம தைச்சு, மழையில நனைஞ்சு, காலிபிளவர் ரோஸ் கலர்ல வீடு வந்து சேந்துச்சு.

பக்கத் தையலை முதல்ல நல்ல பக்கம் வெளிய இருக்குற மாதிரி வச்சு கால் இஞ்ச்ல ஒண்ணு, அப்புறம் உள்வெளியா திருப்பி அரை இஞ்ச்ல இன்னொண்ணு, நூல் பிசிறு எல்லாம் உள்ள மாட்டிக்கும், ஓவர்லாக் தேவையில்ல. வாயை அரை இஞ்ச் மடிச்சு மறுபடி ஒன்றரை இஞ்ச் மடிச்சு, கைப்பிடி நுனியை அதுக்குள்ள சொருகி சுத்தி ஒரு தையல், அப்புறம் கைப்பிடியை மேல தூக்கி நிறுத்தி அந்த சதுரம் பெருக்கல். டெய்லர் கடையில வெட்டுத் துணி மூட்டையா குடுப்பாங்க, ஒட்டுப் போட்டுத் தைச்சா அழகா இருக்கும்தான், ஆனா ஒவ்வொரு ஒட்டும் ஒரு வீக்கான இடம், பழகினப்புறம் பாத்துக்கலாம்.

இதுக்குன்னு கடையில போய் புதுத் துணி மட்டும் வாங்காதீங்க. 2018ல டென்மார்க் அரசோட சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்குப் போட்டுச்சு, சுற்றுச்சூழலுக்கு வர்ற எல்லா வகை பாதிப்பையும் கணக்குல எடுத்தா ஒரு புது பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினாதான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். பருத்தி விளைவிக்கிறதுக்கு ஆகுற தண்ணி எல்லாம் அதுல சேரும். மிச்சத் துணிக்கு அந்தச் செலவு ஏற்கனவே ஆகிப் போச்சு. அப்புறம் துணி மாதிரியே இருக்குமே அந்த 'நான்-ஓவன்' (நெய்யாத) பை, அது துணியே இல்ல, பாலிபுரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக், 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியல்ல அதுவும் இருக்கு.

தைச்சு முடிச்சதும் நேரா சந்தைக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க. அஞ்சு கிலோ அரிசியை உள்ள வச்சு ராத்திரி பூரா ஆணியில தொங்க விடுங்க. காலையில கைப்பிடிகிட்ட தையல் வாய் பொளந்திருந்தா வீட்டுக்குள்ளயே தெரிஞ்சு போயிரும், ஆட்டோக்காரர் கேக்க வேண்டியிருக்காது.