நிக்கான் 6 மிமீ ஃபிஷ்ஐ லென்ஸுக்கு ஏன் அவ்வளவு விலை? கல்யாண வேலைக்கு ஃபிஷ்ஐ வாங்குவது வீண் செலவா?

முதல் கேள்விக்கு உங்களுக்கு நிறையப் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவதுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் தொழிலுக்குப் புதிது என்று நினைக்கிறேன். ஃபிஷ்ஐ, அதாவது எதிரே இருப்பதையெல்லாம் வளைத்து ஒரே படத்தில் அடக்குகிற மிக அகலமான லென்ஸ், வாங்கலாமா என்று கேட்டதும் யாரோ ஒரு சீனியர், "அது விளையாட்டுச் சாமான், நாலு படத்தில் சலித்துவிடும்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, அந்த 6 மிமீ. 1970ல் நிக்கான் அறிமுகம் செய்தது. 220 டிகிரி பார்க்கும், அதாவது தனக்குப் பின்னால் இருப்பதும் கொஞ்சம் படத்தில் விழும். எடை ஐந்து கிலோவுக்கு மேல். அந்தக் காலத்தில் ஆர்டர் கொடுத்தால்தான் செய்து தந்தார்கள். 2012ல் லண்டன் கடை ஒன்றில் ஒரு லட்சம் பவுண்டுக்கு விலைக்கு வந்தது. அன்றைய மதிப்பில் எண்பது லட்சம் ரூபாய்க்கு மேல். உலகத்தில் இருப்பதே கொஞ்சம், சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள், அதுதான் விலை. ஆனால் அது கல்யாண மண்டபத்துக்காகப் பிறந்த லென்ஸ் இல்லை. ஃபிலிமில் சுமார் 23 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தால் அதன் கோணம் தெரிந்துவிடும். அளக்கிறவர்களுக்கான கருவி அது. இந்த லென்ஸ் வம்சமே அப்படித்தான். 1924ல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர் முழு வானத்தையும் மேகங்களோடு ஒரே படத்தில் பிடிக்க ஒன்று வடிவமைத்தார். இன்றைக்கும் காட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் மரத்தடியில் ஃபிஷ்ஐயை மேலே பார்த்து வைத்துத்தான், இலைகளுக்கு நடுவே எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

இனி என் கதை. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர், வீட்டில் தமிழ்தான். பாலக்காடு, சித்தூர், வேலந்தாவளம், கோயம்புத்தூர் என்று வேலை இருக்கும். கையில் இருப்பது சிக்மா 15 மிமீ எஃப்2.8, பழையதாக வாங்கியது. ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதிகிற சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிதாக இருக்கிற கேமராவில் மூலைக்கு மூலை 180 டிகிரி.

பாலக்காட்டில் கல்பாத்தி ரதோத்ஸவம் என்கிற தேர்த்திருவிழாவுக்கு ஒரு அக்ரஹாரத்து வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தெரு தெரிந்தவர்களுக்குப் புரியும். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு, நடுவில் தேர், வடம் பிடிக்கிற கூட்டம், பின்னால் முட்டித் தள்ள யானை. பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் சுவர்தான் முதுகில் இடிக்கும். அந்த வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "தேர் முழுசா வேணும், திண்ணை வேணும், நாங்க எல்லாரும் வேணும், கேட்டேளா? தனித்தனியா எடுத்துக் குடுக்கப்படாது" என்றார். 24 மிமீ லென்ஸில் பார்த்தேன். சக்கரம் வந்தால் கலசம் வராது, கலசம் வந்தால் திண்ணை வராது.

வாசல்படிக்கு உள்ளே, ரேழியில் நின்றுகொண்டு ஃபிஷ்ஐ மாட்டினேன். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்8, ஃபோகஸ் ஒரு மீட்டர். இந்த லென்ஸில் அப்படி வைத்தால் அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தெளிவாக இருக்கும், ஃபோகஸைத் தொடவே வேண்டாம். திண்ணையின் மரத்தூணைச் சரியாக ஃப்ரேமின் நடுவில் நிறுத்தினேன். நடுப்புள்ளி வழியாகப் போகிற கோடு ஃபிஷ்ஐயில் வளையாது. அதனால் தூண் நேராக நின்றது. ஓட்டுச் சாய்ப்பு மட்டும் மேலே வில்லாக வளைந்து கூட்டத்தை மூடியது. தூணுக்குப் பக்கத்தில் பாட்டி, இரண்டு ஓரத்திலும் பேரன் பேத்திகள், அவர்களுக்குப் பின்னால் சக்கரத்திலிருந்து கலசம் வரைக்கும் தேர், இடது மூலையில் யானையின் நெற்றி. அந்தப் படம் இன்றைக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதை எடுத்தது நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

"சாதாரண அல்ட்ராவைட் போதுமே, ஃபோனிலேயே வருகிறதே" என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். அல்ட்ராவைடும் அகல லென்ஸ்தான், ஆனால் கோடுகளை நேராக வைப்பதற்காக ஓரத்தில் நிற்கிறவர்களின் தலையை இழுத்து அகலமாக்கிவிடும். ஃபிஷ்ஐ கோட்டை வளைக்கும், ஆனால் தலையை ஏறக்குறைய உருண்டையாகவே விடும். ஓரத்தில் நின்ற பேத்தியின் முகம் முகமாகவே இருந்தது. "சாஃப்ட்வேரில் நேராக்கிவிடலாமே" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 180 டிகிரியை முழுவதும் நேராக்கக் கணக்கிலேயே இடமில்லை. நேராக்கினால் ஓரமெல்லாம் இழுபட்டுக் கரைந்துவிடும், கடைசியில் வெட்டித்தான் ஆக வேண்டும். தாலி கட்டும்போது பெண்ணின் முகத்துக்குக் கிட்டே இதைக் கொண்டுபோங்கள் என்று நான் சொல்லவே இல்லை. மூக்கு மட்டும்தான் தெரியும், யார் எடுத்தாலும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லையில் இருக்கிறவனுக்கு அது சரிவராது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் ஜூம் ஃபிஷ்ஐ கேட்டுப் போனேன். தமிழில் பேசி, தமிழில் கையெழுத்துப் போட்டு, கடைசியில் ஆதாரை நீட்டினால் "கேரளா அட்ரஸா? அட்வான்ஸ் டபுள்" என்றார்கள். எல்லையில் இருக்கிற வாளையாறு தாண்டினால் நாற்பது நிமிஷத்தில் என் வீடு. கேரளப் பக்கம் வேலைக்குப் போனால் "பாண்டி ஃபோட்டோகிராஃபர்" என்று, தமிழன் என்பதை மட்டமாக, என் காதுபடவே சொல்வார்கள். இரண்டு பக்கமும் வரி கட்டுகிற, இரண்டு பக்கமும் கல்யாணத்துக்குப் போகிற மனிதர்கள் நாங்கள். என் அப்பா காலத்திலிருந்து இதே பேச்சு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் லென்ஸ் என்று எடுத்தாலே எனக்கு அது ஞாபகம் வருகிறது.

அதனால் பழையதே வாங்குங்கள். உங்கள் கேமரா சென்சார் சின்னது என்றால் சாம்யாங் 8 மிமீ எஃப்3.5 தேடுங்கள், ஃபோகஸ் கையால்தான், அது ஒரு தொந்தரவே இல்லை. முன் கண்ணாடி புடைத்துக்கொண்டு இருப்பதால் பாதுகாப்புக்கு முன்னால் ஃபில்டர் போட முடியாது, அதனால் கீறலை முதலில் அங்கே பாருங்கள். அப்புறம் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து ஆனி, ஆடி மழையில் பையிலேயே கிடந்த லென்ஸ் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். பூஞ்சை இருந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.