வார்லி ஓவியங்களில் ஆடுபவர்கள் ஏன் சுருளாக நிற்கிறார்கள்?

மகாராஷ்டிரத்தின் வார்லி பழங்குடியினர் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரையும் ஓவியங்களில் அடிக்கடி வருவது தார்ப்பா நடனம். தார்ப்பா என்பது சுரைக்குடுவையும் மூங்கிலும் சேர்த்துச் செய்த ஊதுகருவி. அறுவடை முடிந்ததும் அதை ஊதுபவரை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கைகோத்து ஆடுவார்கள். வரிசை நீள நீள, கொசுவர்த்திச் சுருளைப் போல வளைந்துகொண்டே போகும், சுவரிலும் அப்படியே.

ஓர் உருவத்தை உற்றுப் பாருங்கள். நுனி தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்கள்தான் உடல்; தொடும் புள்ளி இடுப்பு. மேல் முக்கோணம் சற்றே சாய்ந்தால் போதும், ஆள் ஆடத் தொடங்கிவிடுகிறார்! உருவங்களுக்குக் கண், மூக்கு எதுவும் வரைவதில்லை; ஊரே சேர்ந்து ஆடும்போது தனி முகம் எதற்கு என்றே எனக்குப் படுகிறது.

இவை வெறும் சுவர் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாலகாட் தேவியை நடுவில் வைத்து மணமான பெண்கள் வரையும் சதுரம், வார்லி திருமணச் சடங்கின் ஒரு பகுதி.