கேள்வி – பதில்: நகரமா, வயலூரா?

கேள்வி: கொழும்பில் வளர்ந்த நான், அக்கரைப்பற்றில் மணம் முடித்து மனைவியின் வீட்டில் வசிக்கிறேன். சந்திப்பவர்கள் முதலில் "என்ன குடி?" என்று கேட்கிறார்கள். அறுவடை வந்தால் பாதிக் கடைகளில் முதலாளியைக் காண முடிவதில்லை. இது நகரமா, கிராமமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 2011 இல் மாநகர சபை பெற்ற ஊர் ஆகையால், ஏட்டின்படி நகரமே. ஆயினும் இவ்வூரின் நாட்காட்டியைத் தீர்மானிப்பது சபையன்று, பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரு நெற்பருவங்கள்தாம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் இப்பகுதி வயல்களின் சிறுபோகத்துக்குப் பெருந்துணையானது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து, இவ்வூர் அடங்கிய அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் பேச்சும் வழக்கமும் பிரியவில்லை.

காலையில் கல்லாவில் இருந்த முதலாளி, மாலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நெல்லடிக்கும் களவெட்டியோரம் நின்று நெல்மணியொன்றைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள். இயந்திரம் வந்த பின்னும் அந்தப் பல்லின் தீர்ப்பையே அவர் நம்புகிறார்.

குடி என்பது தாய்வழியே வரும் குலப்பிரிவு; தமிழரும் முஸ்லிம்களும் இவ்வழக்கைப் பகிர்கின்றனர். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைக்கும் வழக்கும் அப்படியே; நீங்கள் மனைவி வீட்டில் இருப்பது இங்கே வியப்பன்று. அந்தக் கேள்வியில் வம்பும் சற்றுக் கலந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. உங்களுக்குக் குடி இல்லையென்றால் மனைவியின் குடியைச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் "வயல் எந்தக் கண்டத்தில் (வயற்பரப்பில்)?" என்பதாகவே இருக்கும்.